மாட்டில், ஆட்டில், நாயில் இருப்பது ஒரே உண்ணியா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பினப் பசு, ஓர் உம்பளாச்சேரி காளைக்கன்று, சில ஆடுகள், ஒரு நாய் இருக்கின்றன. எல்லாவற்றின் மேலும் உண்ணி. இவை எல்லாம் ஒரே உண்ணிதானா, நாயிடமிருந்து மாட்டுக்கு ஏறுகிறதா, மாட்டுக்கு மருந்து அடித்தும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவருடைய கேள்வி.

முதலில் நேரடியான பதில். ஒரே உண்ணி இல்லை. உங்கள் கொல்லையில் குறைந்தது மூன்று இனங்கள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பசுவின் மேல் கொத்தாக இருப்பது பெரும்பாலும் ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ். நாயின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் இருப்பது அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு இனம். ஆட்டின் காதில் ஒட்டியிருக்கும் சின்ன உண்ணி ஹீமாஃபைசாலிஸ் பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கும். நாயுண்ணி மாட்டின் மேல் ஏறுவது அபூர்வம். ஆட்டுண்ணியோ மாடு, நாய் இரண்டின் மேலும் தாராளமாக ஏறும். ஆகவே நீங்கள் நாயைச் சந்தேகப்பட்டது தப்பான திசை, ஆட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

சரி, மூன்றும் ரத்தம்தானே குடிக்கின்றன, எந்த இனமாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை உண்ணி விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். இதற்கு விடை தெரிந்தால், மருந்தை எங்கே அடிக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும், எந்த நோய்க்கு அஞ்ச வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

உண்ணி பூச்சி வகை அல்ல. சிலந்தி, தேள் இவற்றின் சொந்தக்காரன். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான் இருக்கும். அது ஒருமுறை ரத்தம் குடித்துத் தோலுரித்தால் எட்டுக் கால் உள்ள இளம் உண்ணி. அது மறுபடியும் குடித்துத் தோலுரித்தால் வளர்ந்த ஆணோ பெண்ணோ. பெண் கடைசியாக ஒருமுறை வயிறு புடைக்கக் குடித்து, கீழே விழுந்து, முட்டையிட்டுச் சாகிறது. மாடு, ஆடு, நாயின் மேல் நாம் பார்க்கும் உண்ணிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொது. வேறுபாடு எங்கே என்றால், ஒரு வேளை ரத்தத்துக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் அது பிராணியை விட்டு இறங்குகிறதா இல்லையா என்பதில்தான்.

மாட்டுண்ணி மைக்ரோப்ளஸ் இறங்குவதே இல்லை. புல் நுனியிலிருந்து குஞ்சாக ஏறியது, அதே மாட்டின் மேலேயே இரண்டு முறையும் தோலுரித்து, சேர்ந்து, குடித்து முடிக்கச் சுமார் 3 வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் அது கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். கடைசி ஓரிரு நாளில்தான் பெண் உண்ணி மளமளவென்று ரத்தத்தை இழுத்து, ஆமணக்கு விதை போல வீங்கும். ‘நேற்று இல்லை, இன்று பார்த்தால் இவ்வளவு’ என்று மாடு வைத்திருப்பவர்கள் சொல்வது இதனால்தான். நேற்றும் அவை அங்கேதான் இருந்தன.

வயிறு நிறைந்த பெண் கீழே விழுவது பெரும்பாலும் அதிகாலையிலிருந்து முற்பகலுக்குள். நம் ஊரில் அந்த நேரத்தில் மாடு எங்கே நிற்கிறது? கொட்டகையில், கட்டுத்தறியில், பால் கறக்கும் இடத்தில். அப்புறம் அவிழ்த்துவிட்டால் ஆற்றுப் படுகையில், வாய்க்கால் கரையில், வரப்பில். விழுந்த உண்ணி குப்பைக்கு அடியிலோ, சுவர் ஓரத்திலோ, புல் வேரிலோ ஒண்டிக்கொண்டு 2,000 முதல் 3,000 முட்டைகளுக்கு மேலும் இடும். நம் வெயிலுக்கு மூன்று நாலு வாரத்தில் பொரித்துவிடும். குஞ்சுகள் புல் நுனியில் கொத்தாக ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மாடு விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, உடல் சூடு, வாடை இவற்றை அந்த முன்னங்காலில் உள்ள ஓர் உறுப்பால் உணர்ந்துகொள்ளும்.

காத்திருக்கும் காலத்தில் அதற்குப் பெரிய எதிரி வறட்சி. தண்ணீர் குடிக்க அதற்கு வழி கிடையாது. காற்றில் ஈரப்பதம் நன்றாக இருந்தால், வாயில் சுரக்கும் உப்புத்தன்மையுள்ள ஒரு திரவத்தின் மூலம் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் காய்ந்தால் புல் அடிக்கு இறங்கி, ஈரத்தைத் தேற்றிக்கொண்டு மறுபடி ஏறும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் இப்படியே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கொளுத்தும் வெட்டவெளியில் சில வாரங்களில் செத்துவிடும்.

இந்தக் கணக்கைக் காவிரிப் படுகையின் மேல் பொருத்திப் பாருங்கள். வழக்கம்போல் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவையும் சம்பாவும் தாளடியுமாக வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் மாடு வயலுக்குள் போவதில்லை. நீர் நிற்கும் வயலில் உண்ணிக் குஞ்சுக்கு வேலையும் இல்லை. அறுவடை முடிந்தாலும் பலர் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவதால் மாடு உடனே வயலில் இறங்குவதில்லை. பிறகு வருகிறது கோடை. வெடித்துக் கிடக்கும் வயலில் குஞ்சு பிழைப்பது கடினம். ஆக, நம் வயல் உண்ணிக்குக் கிட்டத்தட்ட இயற்கையாகவே அடைத்த கதவு. உண்ணி குடியிருப்பது வயலைச் சுற்றியுள்ள மேட்டில்: வரப்பு, வாய்க்கால் கரை, திடல், தென்னந்தோப்பு நிழல், மூங்கில் கொல்லை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொட்டகையைச் சுற்றிய ஐம்பது அடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்ப வேண்டாம். வயிறு நிறைந்த பெண் உண்ணி ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் பிழைத்து முட்டையிடக்கூடியது. வெள்ளத்தின்போது எல்லா மாடுகளையும் ஒரே மேட்டில் கொண்டுபோய்க் கட்டுகிறோம். யாருடைய உண்ணி யாருடைய மாட்டுக்கு என்ற கணக்கே அங்கே போய்விடும்.

இனி, ஒரே பிராணியில் வாழும் இந்தப் பழக்கத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு. உண்ணிகளின் உயிரியலில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இது.

மாட்டுண்ணி பரப்பும் பெரிய நோய் பபீசியா. காய்ச்சல், ரத்தச்சோகை, காப்பி நிறத்தில் மூத்திரம். ஒரு மாட்டில் ஏறிய உண்ணி இன்னொரு மாட்டுக்குப் போகாமல், அங்கேயே குடித்து, விழுந்து செத்துவிடுகிறது என்றால், நோய் எப்படி அடுத்த மாட்டுக்குப் போகும்? முட்டை வழியாக. நோய்க்கிருமி தாய் உண்ணியின் உடலில் பெருகி, முட்டைக்குள் புகுந்து, பொரிக்கும் குஞ்சுகளிலேயே தயாராக இருக்கும். ஒரு தாய் குடித்த ரத்தம் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தூதர்களாக்கிவிடும். இதை நிரூபித்தது அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் இருவரும் 1893-ல் வெளியிட்ட டெக்ஸாஸ் காய்ச்சல் ஆய்வு. மாட்டுக்கு வரும் பபீசியாவுக்கு அங்கே அந்தப் பெயர். ஒட்டுண்ணி ஒன்று கடித்துப் பிராணிக்கு நோய் பரவுகிறது என்று காட்டிய தொடக்க கால ஆய்வுகளில் முக்கியமானது அது. கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிவதற்கு முன்பே நடந்தது.

இதற்கு நேர்மாறானது தைலீரியா. கலப்பின மாடுகளைக் கொல்லும் நோய்: நிணநீர்க் கணுக்கள் வீங்கும், காய்ச்சல் இறங்காது, கண் வெளிறும். இந்தக் கிருமியால் உண்ணியின் முட்டைக்குள் போக முடியாது. குஞ்சாகவோ இளம் உண்ணியாகவோ இருக்கும்போது குடித்த கிருமியை, அடுத்த பருவத்தில் வேறொரு மாட்டில் ஏறும்போதுதான் கொடுக்க முடியும். அப்படியென்றால் நடுவில் இறங்கி, மாடு மாற்றும் உண்ணியால்தான் இதைப் பரப்ப முடியும். அதுதான் ஹயலோம்மா அனடோலிகம். இரண்டு அல்லது மூன்று முறை பிராணி மாற்றும் உண்ணி. ஆக, ஓர் உண்ணி எத்தனை முறை இறங்குகிறது என்பதே அது எந்த நோயைச் சுமக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

ஹயலோம்மாவை அடையாளம் காண்பது எளிது. மாட்டுண்ணியைவிட நீண்ட வாய், கால்களில் வெளிர் வளையங்கள், பெரிய உடம்பு, வேகமான நடை. வறண்ட நிலத்துக்காரன். வட இந்தியாவின் வறண்ட பகுதிகளில் பெருவாரியாக இருக்கிறது, தமிழ்நாட்டிலும் பதிவாகியிருக்கிறது. மண் சுவர், செங்கல் இடுக்கு, தொட்டியின் விரிசல் ஆகியவற்றில் ஒளிந்துகொண்டு தோலுரிக்கும். அதனால் மாட்டுக்கு மட்டும் மருந்து அடித்தால் இதற்கு ஒன்றும் ஆகாது. மணப்பாறைச் சந்தையிலோ மேற்கு மாவட்டங்களிலோ மாடு வாங்கி வந்தால், கொட்டகையில் மற்ற மாடுகளோடு கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வாரமாவது தனியே கட்டி, காது மடல், அலைதாடி, மடி, வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள். கால்களில் வளையம் உள்ள உண்ணியைக் கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைலீரியாவுக்கு பியூபார்வாகுவோன் என்ற மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் போட்டால்தான் பலன். ‘ரக்ஷாவேக்-டி’ என்ற தடுப்பூசியும் இந்தியாவில் தயாராகிறது. இந்த உண்ணியை விரலால் நசுக்கவே கூடாது. 2011-ல் குஜராத்தில் மனிதர்களுக்கு வந்து உயிரிழப்பை உண்டாக்கிய கிரிமியன்-காங்கோ காய்ச்சலைப் பரப்பும் பேரினம் இது.

இப்போது மாட்டுண்ணியின் சொந்தக்காரர்களுக்கு வருகிறேன். மைக்ரோப்ளஸுக்கு அனுலேட்டஸ் என்று ஒரு நெருங்கிய சகோதர இனம் உண்டு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உருப்பெருக்கியில் ஆண் உண்ணியின் பின்முனையைப் பார்த்தால், மைக்ரோப்ளஸ் ஆணுக்குச் சின்ன வால் போன்ற நீட்சி இருக்கும், அனுலேட்டஸ் ஆணுக்கு இருக்காது. பெண்ணை மட்டும் வைத்து இதைச் சொல்லத் தேர்ந்த கண் வேண்டும். இரண்டையும் ஆய்வகத்தில் சேர்த்தால் முட்டை பொரிக்கும், ஆனால் பிறக்கும் ஆண்கள் மலடு. இரண்டும் வெவ்வேறு இனம் என்பதற்கு இயற்கையே தரும் சான்று அது. அனுலேட்டஸ் மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளிலும் வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் அமெரிக்க-மெக்சிகோ எல்லையிலும் வாழ்வது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் காய்ச்சலைப் பரப்பியதும் அதுதான். இந்தியாவில் அது நன்றாகப் பதிவாகியிருக்கும் இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: கேரளம். அங்குள்ள கால்நடை ஆராய்ச்சியாளர்களின் மருந்துச் சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் மாட்டுண்ணி அனுலேட்டஸ். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மைக்ரோப்ளஸ் கொடிகட்டிப் பறக்கிறது.

இதனால் நமக்கு என்ன? ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் மாட்டுண்ணிக்கு எதிராகத் தடுப்பூசி வந்தது. உண்ணியின் குடலில் உள்ள ஒரு புரதத்தை மாட்டுக்கு ஊசியாகப் போட்டால், மாட்டின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் உண்ணியின் குடலையே தாக்கும். அருமையான யோசனை. அந்தப் புரதம் எடுக்கப்பட்டது ஆஸ்திரேலிய மாட்டுண்ணியிலிருந்து. ஆனால் சோதித்துப் பார்த்தபோது அனுலேட்டஸுக்கு எதிராக மிக நன்றாக வேலை செய்தது, மைக்ரோப்ளஸுக்கு எதிராகப் பலன் ஊருக்கு ஊர் மாறியது. சகோதர இனங்களுக்குள் மட்டுமல்ல, ஒரே பெயரில் அழைக்கப்படும் உண்ணிகளுக்குள்ளும் வேறுபாடு இருக்கிறது என்பதை அது காட்டியது.

அந்த வேறுபாடு பிறகு மரபணுவிலும் தெரிந்தது. ஆஸ்திரேலிய மாட்டுண்ணியைத் தென்னமெரிக்க, ஆப்பிரிக்க மாட்டுண்ணியோடு சேர்த்தபோது சந்ததி தழைக்கவில்லை. 2012-ல் ஆஸ்திரேலிய உண்ணியை மைக்ரோப்ளஸிலிருந்து பிரித்து ஆஸ்திராலிஸ் என்ற தனி இனமாக மறுபடி ஏற்றுக்கொண்டார்கள். மீதியுள்ள மைக்ரோப்ளஸும் ஒரே குடும்பம் இல்லை. மைட்டோகாண்ட்ரியா மரபணுவின்படி அதில் ஏ, பி, சி என்று மூன்று கிளைகள் பேசப்படுகின்றன. தென் சீனத்தில் கண்ட பி கிளை, மற்ற மைக்ரோப்ளஸைவிட அனுலேட்டஸுக்கு நெருக்கமாக வருகிறது. இந்தியாவில் எடுத்த மாதிரிகளில் சி கிளை நிறைய. என்னைக் கேட்டால், மைக்ரோப்ளஸ் என்ற பெயருக்குள் இன்னும் பிரிக்கப்படாத இனங்கள் இருக்கின்றன, அதைத் தீர்க்க இந்திய மாதிரிகள்தான் மிகவும் தேவை. ஏனென்றால் இந்த உண்ணியின் பூர்வீகம் தெற்கு, தென்கிழக்கு ஆசியா. நம் மாடுகளோடுதான் அது உலகம் சுற்றியது. 2000-களில்கூட பிரேசிலிலிருந்து மாடு இறக்கிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் அது கால் ஊன்றி, அங்கே ஏற்கெனவே இருந்த சொந்தக்கார இனங்களைச் சில ஆண்டுகளில் ஒதுக்கிவிட்டது.

பூர்வீகம் இங்கே என்பதால்தான் உங்கள் உம்பளாச்சேரிக் கன்றுக்கும் ஜெர்சிக் கலப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கிறீர்கள். திமில் உள்ள நம் மாடுகள் இந்த உண்ணியோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவை. குஞ்சு கடித்த இடத்தில் அவற்றின் தோல் சீக்கிரம் தடித்து அரிக்கும், மாடு நக்கும், உரசும். ஏறும் குஞ்சுகளில் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே செத்துவிடும். ஐரோப்பிய மாடுகளின் தோலுக்கு அந்தப் பயிற்சி இல்லை. அதனால் ஒரே கொட்டகையில் இரண்டும் நின்றாலும் உண்ணியை வளர்த்து எல்லோருக்கும் பங்கு போடுவது கலப்பின மாடுதான். அதை விற்றுவிடச் சொல்லவில்லை. பால் அதில்தான் வருகிறது. உண்ணி வேலையை அதிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

நாயுண்ணிக்கு வருவோம். இது மூன்று முறை இறங்கும் உண்ணி, ஆனால் மூன்று முறையும் பெரும்பாலும் நாயையே தேடி ஏறும். ஒவ்வொரு முறை குடித்ததும் இறங்கி, சுவர் விரிசல், நிலைப்படி, ஓட்டுக்கு அடியில், நாய் படுக்கும் மூலை என்று ஒளியும். மேல்நோக்கி ஏறுவது அதன் சுபாவம். சுவரில் ஏறிப்போகும் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினி கிடந்து தாங்கும். நாயைக் குளிப்பாட்டி மருந்து வைத்துவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி வரும்.

இதற்கும் ஓர் இனக் குழப்பம் உண்டு. ரிப்பிசெபாலஸ் சாங்குவினியஸ் என்று 1806-லிருந்து உலகம் முழுக்க ஒரே பெயரில் அழைத்துவந்தார்கள். மிதமான குளிர் நாடுகளில் இருப்பதும் வெப்ப நாடுகளில் இருப்பதும் வெவ்வேறு இனம் என்று மரபணுவும் கலப்புச் சோதனைகளும் காட்டின. 2021-ல் வெப்ப நாட்டு உண்ணிக்கு லின்னேயி என்ற பழைய பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். நம் ஊரில் இருப்பது இந்த வெப்ப நாட்டுக் கிளை. எர்லிக்கியா என்ற ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும் நாய்க் காய்ச்சலை இந்தக் கிளை நன்றாகப் பரப்பும். தென்னமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து எடுத்த மற்றக் கிளையை வைத்துச் சோதித்தபோது பரப்பவில்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு உண்ணிகளில் ஒன்றுக்குத்தான் நோய் சுமக்கும் திறன். எந்த நாட்டு ஆராய்ச்சியை நம் நாய்க்குப் பொருத்துகிறோம் என்று கால்நடை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதற்கு இது போதுமான காரணம். நாய் தன் உடம்பைக் கடித்து உண்ணியை விழுங்குவதாலேயே வரும் நோயும் ஒன்று உண்டு: ஹெபட்டோசூன்.

ஆட்டில் இருப்பதாகச் சொன்ன ஹீமாஃபைசாலிஸ் பைஸ்பைனோசா மிகச் சின்னது, கண் கிடையாது, உடம்பில் அலங்காரம் எதுவும் இல்லை. மூன்று முறை இறங்கும், பிராணி விஷயத்தில் பிடிவாதம் இல்லாதது. ஆடு, மாடு, நாய், முயல் எல்லாம் சம்மதம். இதன் கதையும் சுவையானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்த ஓர் உண்ணியையும் பல பத்தாண்டுகள் பைஸ்பைனோசா என்றே எழுதிவந்தார்கள். 1968-ல் உண்ணி ஆராய்ச்சியாளர் ஹூக்ஸ்ட்ராலும் கூட்டாளிகளும் அது கிழக்கு ஆசியாவின் லாங்கிகார்னிஸ் என்ற வேறு இனம் என்று பிரித்துக் காட்டினார்கள். அந்த லாங்கிகார்னிஸில் சில கிளைகளுக்கு ஆணே தேவையில்லை. ஒரே ஒரு பெண் போய்ச் சேர்ந்தால் போதும், புது நாட்டில் கூட்டம் உருவாகிவிடும். 2017-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு செம்மறியாட்டின் மேல் அது கிடைத்தபோது அங்கே பெரிய கலக்கம். நம் பைஸ்பைனோசாவுக்கு ஆண் வேண்டும். அதன் பரவலும் இந்தியா, இலங்கை, வங்கதேசம், தென்கிழக்கு ஆசியா என்ற வட்டத்துக்குள் நிற்கிறது. பழைய ஆய்வுகளில் பைஸ்பைனோசா என்று பார்த்தால், எந்த நாட்டில் எடுத்தது என்று கவனிக்காமல் நம்பக் கூடாது.

டெல்டாவில் இந்த ஆட்டுண்ணி ஊர் விட்டு ஊர் போவதற்கு நல்ல வாகனம் ஒன்று இருக்கிறது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிவந்து நம் வயலில் கிடை போடுகிறார்கள். மண்ணுக்கு அது பொன். கிடையை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வயலின் நடுவில் கிடை போடுவதால் உண்ணிக்கு வெயில்தான் மிச்சம். ஆனால் கிடை ஆடுகள் உங்கள் கொட்டகை ஓரத்து நிழலில் வந்து இளைப்பாறினால், உங்கள் ஆட்டுக்கும் அங்கிருந்து மாட்டுக்கும் உண்ணி ஏற வழி திறந்துவிடும். கிடைக்கு வயலைக் கொடுங்கள், கொட்டகை நிழலைக் கொடுக்காதீர்கள்.

பறவைகள் மூலமும் உண்ணி பயணிக்கிறது. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகாவில் கியாசனூர் காட்டு நோய் வெடித்தபோது, அந்த வைரஸ் ரஷ்யாவின் உண்ணிக் காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தம் என்பதால், வலசைப் பறவைகள் உண்ணியோடு கொண்டுவந்ததா என்ற கேள்வி எழுந்தது. அதை ஒட்டித்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையமிடும் பெரிய பணியைத் தொடங்கியது. நம் கோடிக்கரையும் பின்னாளில் அந்தப் பணியின் முக்கிய இடமானது. அந்த நோயைப் பரப்பும் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா, பைஸ்பைனோசாவின் பேரினத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் மலைக்காட்டு உண்ணி. டெல்டா வயல்வெளியில் அதற்கு இடமில்லை. உங்கள் ஆட்டுண்ணியைப் பார்த்து அந்தப் பயம் வேண்டாம். மழைக்காலத்தில் கேள்விப்படும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலும் இந்த உண்ணிகளால் வருவதல்ல. கண்ணுக்குத் தெரியாத வேறொரு சிற்றுயிரின் குஞ்சு கடித்து வருவது. உடம்பில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் புண்ணும் காய்ச்சலும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உங்கள் மருந்துக் கேள்வி. மாட்டுண்ணி மாட்டின் மேல் 3 வாரம் இருக்கிறது என்பதால், அந்த 3 வாரத்துக்குள் அடுத்த மருந்து விழ வேண்டும். அமெரிக்காவில் 1906-லிருந்து 1943 வரை மாட்டுண்ணியை ஒழித்த திட்டத்தில் சுமார் 14 நாளுக்கு ஒருமுறை மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். நம்மவர்கள் உண்ணி பெரிதாகக் கண்ணில் பட்ட பிறகு ஒருமுறை அடித்துவிட்டு, மறுபடி கண்ணில் படும்வரை விட்டுவிடுகிறார்கள். அதற்குள் ஒரு தலைமுறை முட்டையிட்டு முடித்திருக்கும். இரண்டாவது, மருந்தைக் குறைத்துக் கலப்பது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைகளுக்கு இந்தியாவின் பல பகுதிகளில் மாட்டுண்ணி எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கிறது. பெயர் மாறிய டப்பாவை வாங்கினால் மருந்து மாறிவிட்டதாக அர்த்தமில்லை. இந்த இரண்டும் ஒரே குடும்ப மருந்துகள். மாற்ற வேண்டுமானால் அமிட்ராஸ் போல வேறு குடும்பத்துக்குப் போக வேண்டும். அளவையும், ஐவர்மெக்டின் ஊசி போட்டால் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். மாட்டுக்கு வாங்கிய மருந்தை நாய்க்கோ பூனைக்கோ தடவ வேண்டாம். பெர்மெத்ரின் வகை பூனையைக் கொல்லும்.

மருந்து இல்லாமல் செய்யக்கூடியதும் நிறைய. காலையில் பால் கறந்ததும் கொட்டகையைக் கூட்டி, விழுந்த உண்ணிகளைக் குப்பையோடு எரித்துவிடுங்கள். விழும் நேரம் அதுதான் என்று மேலே சொன்னேன். சுவர் விரிசல்களைச் சிமெண்டாலோ சாணி மண்ணாலோ பூசுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள். கொட்டகையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெயில் படவிடுங்கள். நாய் வைக்கோல் போரில் படுக்கிறதென்றால் அதன் இடத்தை மாற்றுங்கள். பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை இவற்றை அரைத்து வடிகட்டித் தெளிக்கும் மூலிகை முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. மாட்டின் மேலும் சுவர் இடுக்கிலும் வாரம் ஒருமுறை தெளித்துவந்தால் நல்ல துணை. உண்ணி மிக அதிகமாகிவிட்ட மாட்டுக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன்.

என்ன இனம் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் உண்ணியைப் பிடித்துக் கொடுக்கலாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுங்கள், மண்ணெண்ணெயும் நெருப்பும் வேண்டாம். பெரியதை மட்டும் எடுக்காமல், அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஆண் உண்ணிகளையும் சேர்த்து எடுங்கள், வால் இருக்கிறதா என்று பார்ப்பது அதில்தான். சின்ன மருந்துக் குப்பியில் 70 சதவீத ஆல்கஹால் ஊற்றி, மாடு, ஆடு, நாய் மூன்றுக்கும் தனித்தனிக் குப்பியாகப் போடுங்கள். பென்சிலால் எழுதிய சீட்டில் பிராணி, உடம்பில் எடுத்த இடம், ஊர், தேதி குறித்து உள்ளே போட்டு, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் துறையில் கொடுத்துப் பாருங்கள். சந்தையில் வாங்கிய மாடு என்றால் எங்கே வாங்கியது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.